உங்களுக்குத் தெரியுமா? ஐஸை நம்பிப் பிறந்த தாய்லாந்து டீ

● பாங்காக்கின் தெருவோர வண்டிகளில் கிடைக்கும் செம்மஞ்சள் நிற டீயை அந்த ஊர்க்காரர்கள் 'சா யென்' என்று கேட்டு வாங்குகிறார்கள். குளிர்ந்த டீ, அவ்வளவுதான். அதே டீ சூடாக வேண்டுமென்றால் 'சா ரோன்'. பாலை விட்டுவிட்டு ஐஸ் மட்டும் போட்டால் 'சா டம் யென்'. எலுமிச்சை பிழிந்தால் 'சா மனாவ்'. 'தாய் ஐஸ் டீ' என்ற பெயரைப் பெரும்பாலும் வெளிநாட்டு உணவகங்களின் மெனு கார்டில்தான் பார்க்கலாம்.

● தாய்லாந்துக்கு டீ வந்த காலத்தில் அதில் ஐஸும் இல்லை, பாலும் இல்லை. பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயியின் தூதராக 1687இல் சயாமுக்கு (தாய்லாந்தின் அன்றைய பெயர்) வந்த சிமோன் டி லா லூபேர், நாடு திரும்பி எழுதிய நூல் 1691இல் வெளியானது. தலைநகர் அயுத்தயாவில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு டீ கொடுப்பது மரியாதை என்று அதில் குறித்திருக்கிறார். சர்க்கரையை டீயில் கலக்க மாட்டார்களாம். கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு, சூடான டீயை அதன் மேல் பருகுவார்களாம். இனிப்பும் டீயும் இன்று பிரிக்க முடியாதபடி கலந்து நிற்கும் அதே நாட்டில், ஒரு காலத்தில் இரண்டும் வாய்க்குள்தான் சந்தித்துக்கொண்டன.

● டீயைக் குடிப்பதற்கும் முன்பே அதை மென்று தின்றவர்கள் வட தாய்லாந்து மலைக்காரர்கள். 'மியாங்' என்பது அதன் பெயர். சியாங் மாய், 'நான்', பிரே மாகாணங்களின் காடுகளில் அசாம் வகைத் தேயிலை மரங்கள் தாமாகவே வளர்கின்றன. இலையைப் பறித்து, கட்டுக்கட்டாக மூங்கில் நாரால் கட்டி, ஆவியில் வேக வைத்து, காற்றுப் புகாதபடி அடுக்கி, வாரக்கணக்கிலிருந்து மாதக்கணக்கு வரை புளிக்க விடுவார்கள். புளித்த இலையில் உப்புக் கல்லும் இஞ்சித் துண்டும் வைத்து மடித்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால், வயல் வேலை முடியும்வரை சோர்வு தெரியாது. விருந்தாளிக்கும் அதுதான், சாவு வீட்டுக்கு வந்தவருக்கும் அதுதான். பக்கத்து நாடான மியான்மரில் உண்ணும் புளித்த தேயிலையான 'லபெட்' இதன் உறவு. தாய்லாந்து டீ என்றதும் உலகம் செம்மஞ்சள் கிளாஸை மட்டும் நினைப்பது எனக்கு வருத்தம்தான். அந்த மண்ணின் சொந்தத் தேயிலைப் பழக்கம் இந்த மலைகளில்தான் இருக்கிறது. இன்றைய தலைமுறையில் மெல்லுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

● சா யென்னின் பிறப்பிடம் மலை இல்லை, நகரம். 1782இல் பாங்காக் தலைநகரானபோது, அரண்மனை எழ இருந்த இடத்தில் குடியிருந்த சீனர்கள் சாம்பெங் பக்கம் மாற்றப்பட்டார்கள். அதுவே வளர்ந்து யாவோராட் என்ற சைனாடவுன் ஆனது. அங்கே பெரும்பான்மையினர் தியோச்சூ பேசும் சீனர்கள். தெருமுனைக் காபிக் கடைகளை நடத்தியவர்கள் அவர்களே. பழைய கடைகளில் இன்றும் கிடைக்கும் ஐஸ் கறுப்புக் காபிக்குப் பெயர் 'ஓலியாங்'. தியோச்சூவில் கறுப்பு, குளிர்ச்சி என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. அந்தத் தூளில் காபிக்கொட்டையோடு மக்காச்சோளம், சோயா, எள் போன்றவற்றையும் வறுத்துச் சேர்த்திருப்பார்கள். ஓலியாங் ஊற்றிய அதே துணிப்பை, அதே தகரக் குவளை, அதே கைகளிலிருந்துதான் டீயும் வந்தது. அந்தக் காலத்துக் கடையின் முகத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் பாங்காக்கில் 1933 முதல் இயங்கும் 'ஆன் லோக் யுன்' கடைக்குப் போகலாம்.

● ஐஸ் கட்டியைச் சயாம் முதலில் பார்த்தது நான்காம் ராமா என்ற மோங்குட் மன்னரின் காலத்தில் (1851–1868). சிங்கப்பூரிலிருந்து கப்பலில், மரத்தூளுக்குள் பொதிந்து வந்தது. அரச குடும்பத்துக்கு மட்டுமே எட்டிய பொருள் அது. அதைச் சாதாரண மனிதரின் கிளாஸுக்குள் கொண்டுவந்ததில் பெரிய பங்கு 'நாய் லெர்ட்' என்று ஊர் அழைத்த வணிகருக்கு உண்டு. 1872இல் பிறந்தவர். பாங்காக்கில் ஐஸ் தொழிற்சாலை அமைத்த முன்னோடி. பேருந்து ஓட்டியதிலும் முன்னோடி. ஐஸ் மலிவானதால்தான் சா யென் என்ற பானம் சாத்தியமாயிற்று. அதன் திடம், இனிப்பு, பால் எல்லாமே ஐஸை மனத்தில் வைத்து அளந்தவை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். மேற்கொண்டு வரும் பல செய்திகளுக்கு அதுதான் காரணம்.

● சரி, டீயில் டின் பால் எதற்கு? தாய்லாந்தில் மாட்டுப்பால் குடிக்கும் பரவலான மரபு இல்லை. நவீன பால் பண்ணைத் தொழிலே அங்கே 1962 ஜனவரியில்தான் தொடங்கியது. டென்மார்க்கின் உதவியோடு சரபுரி மாகாணத்தின் முவாக் லெக்கில் அமைந்த தாய்–டேனிஷ் பண்ணையை, பூமிபோல் மன்னரும் டென்மார்க் மன்னர் ஒன்பதாம் ஃபிரெட்ரிக்கும் சேர்ந்து திறந்துவைத்தார்கள். அதற்கு முன் வெயிலில் திரிந்து போகாத பால் வேண்டுமென்றால் டின்னை உடைப்பதுதான் வழி. அமெரிக்கரான கெயில் போர்டன் கெட்டிப்பாலுக்குக் காப்புரிமை பெற்றது 1856இல். சர்க்கரை அதில் ஏறக்குறைய 45 சதவீதம். கிருமி வளரத் தேவையான நீரை அந்தச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்வதால், திறந்த டின்கூட வண்டியில் வெகுநேரம் கெடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வியாபாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

● டின் பாலில் இரண்டு வகை உண்டு. குழப்பிக்கொண்டால் டீயே மாறிவிடும். இனிப்புச் சேர்த்த கெட்டிப்பால் (நம் ஊரில் 'மில்க்மெய்ட்' என்றே கேட்கிறோம்) டீக்குள் கலப்பதற்கு. இனிப்புச் சேர்க்காத, நீரில் பாதிக்கும் மேல் வற்றவைத்த பால் கடைசியில் மேலே ஊற்றுவதற்கு. இரண்டாவது வகையை டின்னோடு சேர்த்து உயர் வெப்பத்தில் சூடாக்குவதால் லேசான பழுப்பு நிறமும் காய்ச்சிய பாலின் மணமும் ஏறிவிடும். சா யென்னின் மேல்பாகத்தில் வரும் அந்தத் தனி மணத்துக்கு அதுவே காரணம்.

● கடைகளில் கண்ணில் படும் சிவப்பு டின், கட்டைவிரலை உயர்த்திய கைப் படம்: அது 'சா த்ரா மூ' என்ற நிறுவனத்தின் சின்னம். சீனாவிலிருந்து தேயிலை இறக்குமதி செய்த ஒரு சீனக் குடும்பம் யாவோராட்டில் தொடங்கிய வணிகம். 1945ஐத் தன் தொடக்க ஆண்டாக அந்த நிறுவனம் சொல்கிறது. சூடான சீனத் தேநீர் பாங்காக் வெயிலுக்கு எடுபடவில்லை. ஐஸும் பாலும் சேர்த்துக் குடிக்க ஏற்ற திடமான சிவப்புத் தேயிலையைத் நாங்கள் விற்கத் தொடங்கினோம் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. ஒரே ஒரு கடைக்காரர் ஒரே நாளில் கண்டுபிடித்த பானம் என்று நான் நம்பவில்லை. தேயிலை, டின் பால், ஐஸ் மூன்றும் ஒரே தெருவில் மலிந்த பிறகு பல கைகள் அதைச் செய்துபார்த்திருக்கும். நாடு முழுக்க ஒரே சுவையாக, ஒரே நிறமாக ஆக்கியதில் அந்தச் சிவப்பு டின்னுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது மட்டும் உண்மை.

● வண்டிக்காரர் டீ போடுவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நீளமான துணிப்பை ஒன்று. அதன் வாயில் வளையமும் கைப்பிடியும். நம் டீக்கடை வடிகட்டியின் அண்ணன் என்றே சொல்லலாம். அதில் தூளைத் தாராளமாகக் கொட்டி, உயரமான தகரக் குவளைக்குள் இறக்கி, கொதிக்கும் நீரை மேலிருந்து ஊற்றுவார். சில நிமிடங்கள் ஊறவிட்டு, பையைத் தூக்கி இன்னொரு குவளைக்கு மாற்றி, இறங்கிய சாற்றையே மறுபடி தூளின் மேல் ஊற்றுவார். இப்படி இரண்டு மூன்று முறை. நிறம் கறுத்த செந்நிறமாகிவிடும். அந்தச் சாற்றை அப்படியே ஒரு வாய் குடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளும், அவ்வளவு துவர்ப்பு. சூடாக இருக்கும்போதே சர்க்கரையும் கெட்டிப்பாலும் விழும், ஏனென்றால் ஐஸ் சேர்ந்த பிறகு சர்க்கரை கரையாமல் அடியில் தங்கிவிடும். ஒரு கிளாஸில் விளிம்புவரை நொறுக்கிய ஐஸ். அதன் மேல் சூடான டீ. ஐஸில் ஒரு பங்கு உடனே உருகும். அந்த நீரும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். கடைசியாக வற்றவைத்த பால் ஒரு வட்டம். அது ஐஸ் இடுக்குகளில் புகுந்து கோடு கோடாக இறங்கும்.

● இரண்டு கிளாஸ் சா யென்னுக்கு வீட்டு அளவு: தாய் டீத்தூள் 4 மேசைக்கரண்டி, கொதிநீர் 400 மி.லி., ஊறும் நேரம் 5 நிமிடம். சர்க்கரை 2 மேசைக்கரண்டி, இனிப்புக் கெட்டிப்பால் 4 மேசைக்கரண்டி. ஐஸ் நிறைய. மேலே ஊற்ற இனிப்பில்லாத டின் பால் தலா 2 மேசைக்கரண்டி. கிடைக்காவிட்டால், நன்றாகச் சுண்டக் காய்ச்சி ஆறிய பால். தாய் டீத்தூள் இல்லையென்றால் கடுப்பான சி.டி.சி. தூளே போதும்; அளவைப் பாதியாகக் குறையுங்கள், ஏனென்றால் அது சீக்கிரம் திடமாக இறங்கும். நிறம் வராது, சுவை நெருங்கி வரும். டீ மெலிந்துவிட்டால் மட்டும் எதைச் சேர்த்தும் காப்பாற்ற முடியாது.

● இத்தனை துவர்ப்பு எங்கே போகிறது? பாலில் உள்ள கேசின் என்ற புரதம் டீயின் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொள்கிறது. அவை நாக்கின் எச்சில் புரதத்தைத் தொடுவதற்கு முன்பே பால் மடக்கிவிடுகிறது. அதனால்தான் பால் டீயை எவ்வளவு கடுப்பாக இறக்கினாலும் குடிக்க முடிகிறது.

● திடமான கறுப்பு டீயை ஃபிரிட்ஜில் வைத்தால் கலங்கிப் போவதைக் கவனித்திருப்பீர்கள். கெட்டுப்போகவில்லை. குளிரும்போது டீயில் உள்ள தியாஃபிளேவின் என்ற பொருள்களும் கஃபீனும் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு துகள்களாகின்றன. கொஞ்சம் கொதிநீர் ஊற்றினால் மறுபடி தெளிந்துவிடும். சா யென்னில் பால் இருப்பதால் இந்தக் கலங்கல் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

● சா மனாவில் ஏன் பால் இல்லை? எலுமிச்சைப் புளிப்பு பாலைத் திரித்துவிடும். புளிப்பு ஏறி பி.எச். அளவு 4.6க்கு இறங்கும்போது கேசின் புரதம் கட்டியாகிறது.

● இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி: சா யென்னின் செம்மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகிறது? தேயிலையிலிருந்து இல்லை. பரவலாக விற்கும் கலவைகளில் 'சன்செட் யெல்லோ' என்ற செயற்கை நிறமி சேர்கிறது. லேபிளில் 110 என்ற எண்ணைத் தேடுங்கள், அமெரிக்கப் பாக்கெட் என்றால் 'யெல்லோ 6'. பால் சேர்த்த சாதாரண டீ பழுப்பாகத்தான் இருக்கும். இந்த நிறமி கலந்தால்தான் பால் அதைச் செம்மஞ்சளாகத் திருப்பும்.

இந்த நிறமியை உலகம் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. உணவுச் சேர்மானங்களை ஆராயும் உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண் அமைப்பு ஆகியவற்றின் கூட்டுக் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்று 2011இல் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, 2010 ஜூலை முதல், குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை லேபிளில் போட்டாக வேண்டும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு 2007இல் வெளியானதன் விளைவு அது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஏப்ரலில், பெட்ரோலியத்திலிருந்து செய்யும் நிறமிகளை 2026 இறுதிக்குள் கைவிடும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அந்தப் பட்டியலில் இதுவும் இருக்கிறது.

இந்தியாவில் நிலைமையே வேறு. தேயிலையில் எந்த நிறமும் சேர்க்கக் கூடாது என்பது நம் உணவுப் பாதுகாப்பு விதி. அங்கே அடையாளமாக இருப்பது இங்கே கலப்படம். நம் வீட்டுத் தூளைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது: வடிகட்டும் தாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, சற்று நேரம் கழித்துத் தூளை எடுத்துவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல தூள் லேசான கறையோடு நிற்கும். சாயம் சேர்ந்தது பளிச்சென்று ஊறிப் பரவும். எப்போதாவது ஒரு கிளாஸ் சா யென் குடிப்பதை நான் தடுக்க மாட்டேன். குழந்தைக்குத் தினமும் வாங்கித் தரவேண்டாம் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

● ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் அன்னாசிப்பூ, ஏலக்காய், கிராம்பு, புளியங்கொட்டை என்று பட்டியல் நீளும். பாங்காக் வண்டியில் இந்த மசாலா டப்பாக்களைப் பார்க்க முடியாது. டீத்தூளோடு வெனிலாவை ஒட்டிய வாசனைச் சேர்மானமும் முன்பே கலந்து வந்துவிடும். மசாலா போடுவது தவறில்லை. அது இன்னொரு டீ.

● காலியான கெட்டிப்பால் டின்தான் பழைய பாங்காக்கின் பார்சல் குவளை. மூடியைத் திறந்த டின்னின் விளிம்பில் துளையிட்டு, நார் கட்டி, ஐஸ் காபியோ டீயோ ஊற்றிக் கையில் தொங்கவிட்டுக் கொடுப்பார்கள். பால் வந்த டின்னிலேயே பால் டீயும் வெளியே போனது. எதையும் வீணாக்காத வியாபாரம். பிறகு பிளாஸ்டிக் பை வந்தது: உள்ளே ஐஸும் டீயும், ஒரு ஸ்ட்ரா, வாயைச் சுற்றி ரப்பர் பேண்ட். இப்போது மூடி போட்ட பிளாஸ்டிக் கப். டின்னை மறுபடி பயன்படுத்திய காலத்தை நினைத்தால் இந்த மாற்றத்தை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

● தெற்குத் தாய்லாந்தில் இதே டீ உயரத்திலிருந்து விழுகிறது. 'சா சக்' என்பார்கள், இழுத்த டீ. இரண்டு குவளைகளுக்கிடையே கை நீள உயரத்தில் மாற்றி மாற்றி ஆற்றி, நுரை கட்ட வைப்பது. பட்டானி, யாலா, சோங்க்லா பக்கத்து முஸ்லிம் கடைகளில் ரொட்டியோடு கிடைக்கும். இது எல்லைக்கு அந்தப்புறம் உள்ள மலேசியாவின் 'தே தாரிக்' குடும்பம். அந்தக் குடும்பத்தின் வேர், மலாயாவின் தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் டீ, ரொட்டிக் கடை போட்ட தமிழ் முஸ்லிம்களிடம் இருக்கிறது. மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, ரொட்டி சானாயும் தே தாரிக்கும் அதில் இடம்பெற்றன. ஆற்றும் அந்தக் கையைத் தமிழர்கள் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

● ஹாங்காங்கில் சா யென்னின் ஒன்றுவிட்ட சகோதரி ஒருத்தி இருக்கிறாள். இலங்கைத் தேயிலை, இனிப்பில்லாத டின் பால், நீளத் துணிப்பை. கறையேறிய பை பட்டுக் காலுறையின் நிறத்துக்கு வந்துவிடுவதால் 'பட்டுக் காலுறை டீ' என்றே பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் பிறந்தது அது. தாய்லாந்தை எந்த ஐரோப்பிய நாடும் ஆளவில்லை. இருந்தும் ஏறக்குறைய அதே பானம் அங்கேயும் உருவானதற்கு, துறைமுகத்துக்குத் துறைமுகம் போன டின்களும் சீனக் கடைக்காரர்களும் போதுமாக இருந்தார்கள்.

● தாய்லாந்தின் புகழ்பெற்ற தேயிலை ஊர் டோய் மே சலோங். சியாங் ராய் மாகாணத்து மலை. ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். 1949இல் சீன உள்நாட்டுப் போரில் தோற்ற கோமின்டாங் படையின் ஒரு பிரிவு, யுன்னானிலிருந்து பர்மா வழியாக வந்து 1960களில் இங்கே தங்கியது. அபின் பயிர் சூழ்ந்த மலை அது. பிறகு தாய்லாந்து அரசு அவர்களுக்குக் குடியுரிமை தந்து, கசகசாச் செடிக்குப் பதிலாகத் தேயிலை நடச் செய்தது. தைவான் ரக ஊலோங் தேயிலை இன்று அந்தச் சரிவுகளில் வரிசை கட்டி நிற்கிறது. அதைச் சிறு கிண்ணத்தில் சூடாக, பால் இல்லாமல் குடிப்பார்கள். அதை ஐஸில் போட்டுக் கெட்டிப்பால் கலக்கக் கேட்டால் தோட்டக்காரர் மனம் நோகும்.

● ஐஸில் நாக்கு மரத்துப் போவதால் இனிப்பு குறைவாகத் தெரியும். அதை ஈடுகட்டத்தான் சா யென்னில் சர்க்கரை அள்ளி விழுகிறது. மேலே சொன்ன வீட்டு அளவையே கணக்குப் போடுங்கள். ஒரு கிளாஸில் விழும் 2 மேசைக்கரண்டி கெட்டிப்பாலில் சேர்த்த சர்க்கரை சுமார் 18 கிராம். தனிச் சர்க்கரை சுமார் 12 கிராம். மொத்தம் 30. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் கூடுதல் நன்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய்லாந்து அரசு 2017 செப்டம்பரில் சர்க்கரைப் பானங்களுக்கு வரி கொண்டுவந்தது. ஆனால் அது ஆலையில் அடைத்து வரும் பாட்டில்களுக்கும் டின்களுக்கும்தான். கண்ணெதிரே கலக்கித் தரும் வண்டி டீக்கு இல்லை.

● ஆகவே, பாங்காக் போனால் இரண்டு சொற்றொடர்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இனிப்பு குறைவாக வேண்டுமென்றால் 'வான் நோய்'. இனிப்பே வேண்டாமென்றால் 'மாய் வான்'. டீ ஊற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை. கெட்டிப்பால் டின்னை வண்டிக்காரர் கையில் எடுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும்.